சிறுவரை ஆளாக்கிய ஆசான்: கூடைப்பந்துப் பயிற்சியாளர் மார்கன் வூட்டனின் வரலாறு

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. இளமையில் ஒருவனை நல்வழிப்படுத்துவோர் பெற்றோர், ஆசிரியர், குருக்கள் என்று நாம் வரிசைப்படுத்துவோம். அந்த வரிசையில் விளையாட்டுத் திடலில் நிற்கும் பயிற்சியாளருக்கு நாம் பெரும்பாலும் இடம் கொடுப்பதில்லை. மாலை நேரத்தில் பிள்ளைகளோடு பந்தாடிப் பொழுது போக்குகிறவர் என்று எண்ணி விட்டுவிடுகிறோம்.

ஆனால் பதின்மூன்று வயதுக்கு மேல் பதினெட்டு வயதுக்குள் இருக்கும் ஒரு பையனைக் கேட்டுப் பாருங்கள். வீட்டில் தந்தை சொல்லிக் கேட்காதவன் திடலில் பயிற்சியாளர் சொல்லுக்குக் கட்டுப்படுவான். கோயிலில் பிரசங்கத்தின்போது வெளியே நழுவுகிறவன், பயிற்சிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து நிற்பான். இவ்வளவு செல்வாக்கைப் பெற்ற மனிதர் அதை எதற்குப் பயன்படுத்துகிறார் என்பதே முக்கியமான கேள்வி. வெற்றிக் கோப்பைக்காகப் பையன்களைப் பயன்படுத்துகிறாரா? அல்லது பையன்களுக்காக விளையாட்டைப் பயன்படுத்துகிறாரா?

இக்கேள்விக்குத் தம் வாழ்நாள் முழுவதையும் விடையாகத் தந்தவர் ஒருவர் உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் மேரிலண்ட் மாநிலத்தில், ஹயட்ஸ்வில் என்னும் ஊரிலுள்ள டிமாத்தா கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் 46 ஆண்டுகள் கூடைப்பந்து பயிற்றுவித்த மார்கன் வூட்டன் என்பவரே அவர். குருவானவரல்லர், துறவியுமல்லர். மனைவி மக்களோடு வாழ்ந்த பொதுநிலையினர். அவருடைய வரலாற்றைப் பங்கு மக்களாகிய நாம் அறிந்துகொள்வது பயனுடையது.

ஆட்டம் பிறந்த கதை

கூடைப்பந்தாட்டம் பிறந்த விதமே இளைஞர் நலனை முன்னிட்டுத்தான். 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்பீல்டு என்னும் ஊரில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இருந்தார். வெளியே கடுங்குளிர், பனி மூடிய திடலில் ஆட முடியாது. அறைக்குள் அடைபட்ட மாணவர்களோ அடங்காதவர்கள். இவர்களுக்கென ஓர் ஆட்டத்தைக் கண்டுபிடிக்கும்படி மேலதிகாரி கேட்டுக்கொண்டார். பீச் பழம் வைக்கும் கூடைகள் இரண்டை மாடிக் கைப்பிடியில் அடித்துத் தொங்கவிட்டு, 13 விதிகளை எழுதி ஒட்டினார் நெய்ஸ்மித். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடக் கூடாது, இடித்துத் தள்ளக் கூடாது என்பவை அவ்விதிகளில் முக்கியமானவை. முரட்டுத்தனத்தை ஒடுக்கித் திறமைக்கு இடம் தருவதே அவர் நோக்கம்.

இந்த ஆட்டம் வாலிபர் சங்கங்களின் வழியாக உலகெங்கும் பரவியது. நம் சென்னை மாநகரில் 1920-இல் ஹாரி குரோ பக் என்பவர் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி, இவ்வகை ஆட்டங்களைப் பயிற்றுவிக்கும் ஆசிரியர்களை நம் பள்ளிகளுக்கு உருவாக்கித் தந்தது. 1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் பந்தயத்தில் கூடைப்பந்து முறையாகச் சேர்க்கப்பட்டது. கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு இந்த ஆட்டம் மிகவும் ஏற்றதாக அமைந்தது. பரந்த மைதானம் வேண்டாம். ஒரு சிறு தளமும் இரண்டு வளையங்களும் ஒரு பந்தும் இருந்தால் போதும். ஏழைப் பங்குகளும் இதை ஏற்று நடத்த முடிந்தது.

அநாதை இல்லத்தில் ஆரம்பம்

மார்கன் வூட்டன் 1931-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் வட கரோலினா மாநிலத்தில் டர்ஹம் நகரில் பிறந்தார். வாஷிங்டன் நகரை ஒட்டிய மேரிலண்ட் பகுதியில் வளர்ந்தார். பயிற்சியாளராக வேண்டும் என்ற ஆசை இளமையில் அவருக்கு இருந்ததில்லை. வழக்கறிஞராகும் எண்ணத்துடன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார்.

1951-இல் வாஷிங்டனில் அருட்சகோதரிகள் நடத்திவந்த புனித சூசையப்பர் சிறுவர் இல்லத்துக்குப் பயிற்சியாளர் ஒருவர் தேவைப்பட்டார். பெற்றோரை இழந்த சிறுவர்களும், பெற்றோர் இருந்தும் வீடற்றுப்போன சிறுவர்களும் தங்கியிருந்த இல்லம் அது. இருபது வயதே நிரம்பிய வூட்டன் அந்தப் பொறுப்பை ஏற்றார். முதலில் பேஸ்பால் ஆட்டத்துக்கான குழு அவர் கையில் வந்தது.

அந்த முதல் பருவத்தின் முடிவு என்ன தெரியுமா? 16 ஆட்டங்கள் ஆடினார்கள், பதினாறிலும் தோல்வி! பின்னாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட வெற்றிகளைக் கண்ட மனிதரின் கணக்கு, ஒரு வெற்றியும் இல்லாத பூச்சியத்திலிருந்துதான் தொடங்குகிறது.

வேறொருவராக இருந்தால் சட்டப் புத்தகத்தைத் தேடிப் போயிருப்பார். வூட்டன் போகவில்லை. தோற்றுக்கொண்டே இருந்தாலும் மறுநாள் மாலை அச்சிறுவர்கள் தமக்காகக் காத்திருப்பதை அவர் கண்டார். தங்களுக்கென ஒருவர் நாள்தோறும் வருகிறார் என்பதே அப்பிள்ளைகளுக்குப் பெரிய செய்தியாக இருந்தது. அங்கே கூடைப்பந்தும் பயிற்றுவித்தார். அந்த இல்லத்தில்தான் வழக்கறிஞராகும் எண்ணம் மறைந்து, ஆசிரியராகும் எண்ணம் பிறந்தது. பின்னாளில் 1979-இல் வெளிவந்த அவருடைய வாழ்க்கை நூலுக்கு 'அநாதைச் சிறுவர் முதல் வெற்றி வீரர் வரை' என்று பொருள்படும் தலைப்பையே வைத்தார்கள். அவர் அந்தத் தொடக்கத்தை மறைக்கவுமில்லை, மறக்கவுமில்லை.

இல்லத்தை விட்டபின், கிறிஸ்தவ சகோதரர்கள் வாஷிங்டனில் நடத்திய செயின்ட் ஜான்ஸ் கல்லூரி உயர்நிலைப் பள்ளியில் ஜோ கல்லகர் என்ற பெயர்பெற்ற பயிற்சியாளரின் கீழ் இளையோர் குழுவைக் கவனித்தார். கல்லகரிடம் கற்ற பாடம் அவருக்கு ஆயுள் முழுதும் உதவிற்று. பின்னர் இருவரும் வெவ்வேறு பள்ளிகளின் பயிற்சியாளராகிப் பல்லாண்டுகள் எதிரெதிரே நின்று மோதினார்கள். ஆனால் 1960-களின் தொடக்கத்திலிருந்து கோடை விடுமுறையில் இருவரும் சேர்ந்தே சிறுவர்களுக்குப் பயிற்சி முகாம் நடத்தினார்கள். பந்தயத்தில் எதிரி, வாழ்க்கையில் நண்பர். விளையாட்டின் உண்மையான பண்பை அவ்வூர்ச் சிறுவர்கள் இவர்களைப் பார்த்தே கற்றுக்கொண்டார்கள்.

மீட்புப் பணி செய்த சபையின் பள்ளி

1956-இல் வூட்டன் டிமாத்தா பள்ளியில் சேர்ந்தார். இப்பள்ளியின் பெயருக்கு ஒரு வரலாறு உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித மத்தா அருளப்பர், போரிலும் கடற்கொள்ளையிலும் சிறைப்பட்டு அடிமைகளான கிறிஸ்தவர்களைப் பணம் கொடுத்து மீட்பதற்கென்றே பரிசுத்த திரித்துவ சபையை நிறுவினார். பாப்பரசர் மூன்றாம் இன்னொசென்ட் 1198-இல் அதற்கு அங்கீகாரம் அளித்தார். அச்சபைத் துறவிகள் 1946-இல் ஹயட்ஸ்வில்லில் ஆண் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளிக்குத் தங்கள் நிறுவுநரின் பெயரையே இட்டார்கள்.

வூட்டன் வந்தபோது பள்ளிக்கு வயது பத்து. பெரிய பள்ளியுமல்ல, பணக்காரப் பள்ளியுமல்ல. கூடைப்பந்தோடு கால்பந்து வகையைச் சேர்ந்த அமெரிக்க ஆட்டத்துக்கும் அவரே பயிற்சியாளர். அதற்கும் மேலாக, வகுப்பறையில் உலக வரலாறு கற்பிக்கும் ஆசிரியரும் அவரே. இதை நாம் கவனிக்க வேண்டும். அவர் பகலில் கரும்பலகை முன் நின்று ரோமாபுரியின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் சொல்லிக்கொடுத்துவிட்டு, மாலையில் விசிலோடு திடலுக்கு வந்தவர். எந்தப் பையன் பாடத்தில் பின்தங்குகிறான், எவன் வீட்டில் சிக்கல் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. விளையாட்டையும் படிப்பையும் இரண்டு வெவ்வேறு உலகங்களாக அவர் பார்த்ததில்லை.

அந்த நாட்கள் அமெரிக்காவில் நிறவேற்றுமை கடுமையாக இருந்த நாட்கள். மேரிலண்ட் மாநிலத்தின் அரசுப் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் வெள்ளையினப் பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பள்ளிகள். அதைச் சட்ட விரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954-இல்தான். ஆனால் வாஷிங்டனின் பேராயராக 1948-இல் பொறுப்பேற்ற பேட்ரிக் ஓபாயில் ஆண்டகை, அத்தீர்ப்புக்கு முன்பே கத்தோலிக்கப் பள்ளிகளில் அந்தச் சுவரைப் படிப்படியாக இடிக்கத் தொடங்கிவிட்டார். அதன் பயனை வூட்டனின் குழுவில் காணலாம். 1960-களில் அவருடைய குழுவில் கறுப்பின மாணவரும் வெள்ளையின மாணவரும் ஒரே நிற உடை அணிந்து ஒன்றாக ஆடினார்கள், ஒன்றாக உண்டார்கள், ஒரே வாகனத்தில் பயணம் போனார்கள். ஒருவன் கையிலிருந்து மற்றொருவன் கைக்குப் பந்து போகாமல் இந்த ஆட்டத்தில் வெல்லவே முடியாது. நிறம் பார்க்கிறவன் தோற்பான். எத்தனை பிரசங்கங்கள் செய்தாலும் மனத்தில் பதியாத பாடத்தை அந்த ஆட்டம் பதிய வைத்தது.

நான்கு படிகள்

புதிதாகக் குழுவில் சேரும் மாணவரிடம் வூட்டன் ஒரு வரிசையைச் சொல்வது வழக்கம். முதலில் கடவுள், அடுத்து குடும்பம், மூன்றாவது படிப்பு, நான்காவதாகத்தான் கூடைப்பந்து. நான்காவது இடத்திலிருப்பது முன்னே ஏறிவிடக் கூடாது என்பது அவர் கண்டிப்பு.

சொல்வது எளிது. கோப்பை வெல்லும் பள்ளி என்ற புகழ் வந்தபின் இந்த வரிசையைக் காப்பாற்றுவது எளிதன்று. ஊரார் வெற்றியைக் கேட்பார்கள், பத்திரிகைகள் கேட்கும், பழைய மாணவர்கள் கேட்பார்கள். எத்தனையோ நல்ல பயிற்சியாளர்கள் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். ஆகவே வூட்டன் இந்த வரிசையை எப்படி நடைமுறையில் கொண்டுவந்தார் என்று பார்ப்பதே நமக்குப் பயன் தரும்.

முதலாவது, நேரம். ஒவ்வொரு நாள் பயிற்சியையும் நிமிடக் கணக்கில் முன்கூட்டியே தாளில் எழுதிக்கொண்டுதான் அவர் திடலுக்கு வருவார். இத்தனை நிமிடம் பந்து கடத்தல், இத்தனை நிமிடம் தடுப்பாட்டம், இத்தனை நிமிடம் தண்டனை எறிதல் என்று குறித்திருக்கும். பையன்களின் நேரத்தை வீணாக்குவது அவர்களுடைய படிப்பிலிருந்தும் வீட்டிலிருந்தும் திருடுவதற்குச் சமம் அல்லவா?

இரண்டாவது, அடிப்படை. வேடிக்கை காட்டும் வித்தைகளை அவர் வளர்க்கவில்லை. காலை எங்கே வைப்பது, பந்தை இரு கைகளாலும் எப்படி வாங்குவது, எதிரிக்கும் வளையத்துக்கும் நடுவே உடலை எப்படி நிறுத்துவது என்பவற்றையே ஆண்டுதோறும் அலுக்காமல் கற்றுக்கொடுத்தார். பாய்ந்து வரும் எதிராளியின் வழியில் முன்கூட்டியே அசையாமல் நின்று, இடியைத் தன் மார்பில் வாங்கிக்கொண்டால் தவறு பாய்ந்து வந்தவன்மேல் விழும். இந்தத் தற்காப்பு உத்தியைத் திட்டமிட்டுப் பயிற்றுவித்துப் பரப்பியவர்களில் வூட்டன் முக்கியமானவர். இதற்கு உயரம் வேண்டாம், வேகமும் வேண்டாம். குழுவுக்காகக் கீழே விழத் துணிவு இருந்தால் போதும். குள்ளமான பையனும் தன் குழுவுக்கு உதவலாம் என்பதே இதில் அடங்கிய பாடம்.

1965 ஜனவரி 30

வூட்டனின் பெயரை நாடெங்கும் பரப்பிய ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது.

அக்காலத்தில் நியூயார்க் நகரில் ஐரிஷ் கிறிஸ்தவ சகோதரர்கள் நடத்திய பவர் மெமோரியல் என்ற கத்தோலிக்கப் பள்ளிக்கு ஈடு இணை இல்லை. அப்பள்ளியின் மாணவரான லூ ஆல்சிண்டர் ஏழடி உயரம். இவரே பின்னாளில் 1971-இல் கரீம் அப்துல் ஜப்பார் என்று பெயர் மாற்றிக்கொண்டு உலகப் புகழ் பெற்றவர். 1964-இல் டிமாத்தாவும் பவர் மெமோரியலும் மோதின. 65–62 என்ற கணக்கில் டிமாத்தா தோற்றது. மூன்றே புள்ளிகள். அடுத்த ஆண்டு மறுபடியும் மோத ஏற்பாடாயிற்று. அதற்குள் பவர் மெமோரியல் தொடர்ந்து 71 ஆட்டங்களில் தோல்வியே காணாத குழுவாக உயர்ந்திருந்தது.

ஏழடி உயரமுள்ளவர் கையைத் தூக்கி நின்றால் அவர் தலைக்கு மேலே எப்படிப் பந்தை எறிவது? வூட்டன் ஓர் எளிய வழி கண்டார். பயிற்சியின்போது தம் குழுவின் உயரமான மாணவன் கையில் டென்னிஸ் மட்டையைக் கொடுத்தார். மட்டையைத் தூக்கி அவன் தடுக்க, மற்றவர்கள் அதற்கும் மேலாக வளைத்து எறிந்து பழக வேண்டும். நாட்கணக்கில் இப்படிப் பழகினார்கள். தடுப்பாட்டத்திலும் ஆல்சிண்டருக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று நிறுத்தி அவர் கைக்குப் பந்து எளிதில் சேராதபடி செய்தார். ஒருவரால் முடியாததை ஐவரும் பகிர்ந்து செய்ய வேண்டும் என்பதே திட்டம்.

1965 ஜனவரி 30, சனிக்கிழமை. மேரிலண்ட் பல்கலைக்கழகத்தின் கோல் பீல்டு ஹவுஸ் அரங்கில் சுமார் 12,500 பேர் கூடியிருந்தார்கள். இரண்டு உயர்நிலைப் பள்ளிகளின் ஆட்டத்துக்கு இத்தனை கூட்டம் என்றால் அந்நாளில் வியப்பே. ஆல்சிண்டர் 16 புள்ளிகளுக்கு மேல் எடுக்க முடியவில்லை. 46–43 என்ற கணக்கில் டிமாத்தா வென்றது. 71 ஆட்டங்களாக ஓடிய வெற்றித் தேர் அன்று நின்றது. சென்ற ஆண்டு எந்த மூன்று புள்ளிகளால் தோற்றார்களோ, அதே மூன்று புள்ளிகளால் வென்றார்கள்!

இந்த ஆட்டத்துக்குப் பின்னர்தான் உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்தின்மீது அமெரிக்கப் பத்திரிகைகளின் கண் விழுந்தது. அன்று டிமாத்தாவுக்காக ஆடிய பாப் விட்மோர், சிட் கேட்லெட் ஆகிய இருவரும் புகழ்பெற்ற நோத்ர் டாம் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றார்கள். இதே அரங்கில் அடுத்த ஆண்டு, 1966 மார்ச் மாதத்தில், கறுப்பின வீரர் ஐவரைக் களமிறக்கிய டெக்சஸ் வெஸ்டர்ன் கல்லூரி கென்டக்கி பல்கலைக்கழகத்தை வென்று தேசிய வாகை சூடியது. காலம் மாறிக்கொண்டிருந்தது. அந்த மாற்றத்தின் ஒரு கீற்று டிமாத்தா பள்ளியிலும் தெரிந்தது.

ஓரத்தில் இருந்தவனுக்கும் ஓர் இடம்

கோப்பைகளை எண்ணினால் கணக்கு நீளும். அதைவிடப் பெரிய கணக்கு ஒன்று உண்டு.

அமெரிக்காவில் கல்லூரிப் படிப்புக்குச் செலவு மிக அதிகம். தொழிலாளி குடும்பத்துப் பிள்ளைக்கு அது எட்டாக் கனி. விளையாட்டில் தேர்ந்தவனுக்குக் கல்லூரிகள் படிப்பு, உணவு, தங்குமிடம் அனைத்தையும் இலவசமாக அளிக்கும் உபகாரச் சம்பளம் உண்டு. ஆனால் கல்லூரிப் பயிற்சியாளர்கள் வருவது நட்சத்திர ஆட்டக்காரனைப் பார்க்க. நான்கு ஆண்டுகள் வியர்வை சிந்திப் பயின்றும் ஓரத்துப் பலகையில் அமர்ந்தே காலம் கழித்தவனை யார் கேட்பார்கள்?

வூட்டன் கேட்டார். 1961 முதல் சுமார் 30 ஆண்டுகள் தொடர்ந்து, அவருடைய குழுவில் இறுதி ஆண்டு முடித்த மாணவர் ஒவ்வொருவருக்கும் கல்லூரி உபகாரச் சம்பளம் கிடைத்தது. முதல் ஐவருக்கு மட்டுமல்ல, மாற்று ஆட்டக்காரனாக இருந்தவனுக்குங்கூட. பெரிய பல்கலைக்கழகம் ஒருவனுக்குப் பொருந்தும். சிறிய கல்லூரி மற்றொருவனுக்குப் பொருந்தும். ஒவ்வொருவனுக்கும் ஏற்ற இடம் எது என்று அறிந்து அனுப்பினார். இப்படி அவர் பணிக்காலத்தில் கல்லூரி சென்றவர்கள் 250 பேருக்கும் மேல். அவர்களிற் பலர் தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆகவில்லை. ஆசிரியர்களாக, அலுவலர்களாக, நல்ல தந்தையராக ஆனார்கள். சிறைப்பட்டோரை மீட்கப் பிறந்த சபையின் பள்ளியில், வறுமையின் பிடியிலிருந்து பிள்ளைகளை மீட்கும் பணி இவ்விதம் நடந்தது எனலாம்.

புகழ் பெற்றவர்களும் உண்டு. ஏட்ரியன் டான்ட்லி என்பவர் 6 அடி 5 அங்குல உயரம். நமக்கு அது மிகுதி. வளையத்தின் கீழே நின்று ஆடும் தொழில்முறை ஆட்டக்காரருக்கோ அது குறைவு. இருந்தும் டிமாத்தாவில் கற்ற அடிப்படைகளாலும் உழைப்பாலும் உயர்ந்து, தொழில்முறை ஆட்டத்தில் 23,000 புள்ளிகளுக்கு மேல் குவித்தார். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்ற அமெரிக்கக் குழுவின் 12 பேரில் டான்ட்லியும் கென்னி காரும் ஆகிய இருவர் டிமாத்தா மாணவர்கள். ஒரு சிறு கத்தோலிக்கப் பள்ளியிலிருந்து ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம்! 1985-இல் பள்ளியை முடித்த டேனி பெர்ரி, 1989-இல் கல்லூரி ஆட்டக்காரர்களில் தலைசிறந்தவருக்கான நெய்ஸ்மித் விருதைப் பெற்றார். ஜேம்ஸ் பிரவுன் என்ற மாணவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, பின்னர் தொலைக்காட்சி விளையாட்டு நிகழ்ச்சிகளில் நாடறிந்தவரானார்.

பெரிய அழைப்பும் சிறிய விடையும்

இவ்வளவு திறமை உள்ளவரைப் பல்கலைக்கழகங்கள் விட்டுவைக்குமா? பல இடங்களிலிருந்து அழைப்பு வந்தது. 1980-இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் தன் தலைமைப் பயிற்சியாளர் பதவியை அவருக்கு அளிக்க முன்வந்தது. அவர் பிறந்த மாநிலமே அது. பள்ளி ஆசிரியரின் வருவாயோடு ஒப்பிட முடியாத ஊதியம், தொலைக்காட்சிப் புகழ், பல்லாயிரம் பேர் அமரும் அரங்கம் எல்லாம் அங்கே காத்திருந்தன.

வூட்டன் மறுத்துவிட்டார். ஹயட்ஸ்வில் பள்ளியிலேயே இருந்துவிட்டார்.

அந்தப் பதவி ஜிம் வால்வானோ என்பவருக்குப் போயிற்று. மூன்று ஆண்டுகளில், 1983 ஏப்ரல் 4-ஆம் நாள், அப்பல்கலைக்கழகம் ஹியூஸ்டன் குழுவை 54–52 என்று வென்று தேசிய வாகை சூடியது. அந்தக் குழுவின் இரு தூண்களாக விளங்கிய சிட்னி லோ, டெரெக் விட்டன்பர்க் இருவரும் யார்? வூட்டன் டிமாத்தாவில் வளர்த்து அனுப்பிய பிள்ளைகள்! அவர் போகாவிட்டாலும் அவர் விதைத்த விதை அங்கே பலன் தந்தது.

அவர் செய்தது தியாகமா என்று கேட்டால், அவர் அப்படி எண்ணியதாகத் தெரியவில்லை. கல்லூரிக்கு வரும் இளைஞன் ஏறக்குறைய உருவானவன். பதினான்கு வயதில் பள்ளிக்கு வரும் பையனோ ஈரக் களிமண். குயவனுக்குக் களிமண்தானே வேண்டும்? யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்குப் பத்து தேசியப் பட்டங்களை ஈட்டித் தந்த ஜான் வூடன் என்ற மாபெரும் பயிற்சியாளரே வூட்டனைப் பற்றிச் சொல்லும்போது, பள்ளியானாலும் கல்லூரியானாலும் தொழில்முறைக் குழுவானாலும் இவரினும் சிறந்த பயிற்சியாளரைத் தாம் அறியவில்லை என்று பாராட்டினார்.

நோயும் நிறைவும்

1996-இல் கடும் நோய் அவரைத் தாக்கியது. கல்லீரல் முற்றிலும் பழுதுபட்டு, உயிர் பிழைப்பதே அரிது என்ற நிலை. மாற்றுக் கல்லீரல் பொருத்தப்பட்டது. முன்பின் அறியாத ஒருவரின் உறுப்பினால் மறு வாழ்வு பெற்றார். அந்த வயதில், அந்த நிலையில், யாரும் ஓய்வு பெற்றிருப்பார்கள். அவரோ அந்தக் குளிர்காலப் பருவத்திலேயே மீண்டும் திடலுக்கு வந்தார். மேலும் ஆறு ஆண்டுகள் பயிற்றுவித்தார்.

2000-ஆம் ஆண்டில் ஸ்பிரிங்பீல்டில் உள்ள நெய்ஸ்மித் நினைவுப் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது. தொழில்முறை ஆட்டக்காரர்களும் கல்லூரிப் பயிற்சியாளர்களும் நிறைந்த அந்த மண்டபத்தில் உயர்நிலைப் பள்ளிப் பயிற்சியாளர்கள் மிகச் சிலரே. பீச் பழக்கூடையில் ஆட்டம் பிறந்த அதே ஊரில், அநாதைச் சிறுவர்களோடு பணியைத் தொடங்கியவருக்கு இந்தச் சிறப்பு கிடைத்தது பொருத்தமே.

2002-இல் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கு 1,274 வெற்றி, 192 தோல்வி. ஆண்டுக்குச் சராசரியாக ஏறக்குறைய 28 வெற்றிகளும் நான்கு தோல்விகளும். அன்றைய நாளில் உயர்நிலைப் பள்ளிப் பயிற்சியாளர் எவரும் அத்தனை வெற்றி பெற்றிருக்கவில்லை. மறு ஆண்டே டெக்சஸ் மாநிலப் பயிற்சியாளர் ராபர்ட் ஹியூஸ் அந்த எண்ணிக்கையைக் கடந்தார். சாதனைகள் முறியடிக்கப்படுவதற்கென்றே ஏற்பட்டவை.

முறியடிக்க முடியாதது எது? அவர் கையால் உருவானவர்கள் மற்றவர்களை உருவாக்கியதே. அவருடைய மாணவரும் பின்னர் உதவிப் பயிற்சியாளருமான மைக் பிரே, நோத்ர் டாம் பல்கலைக்கழகத்தில் 2000 முதல் 2023 வரை தலைமைப் பயிற்சியாளராக விளங்கினார். டிமாத்தாவில் அவருக்குப்பின் பொறுப்பேற்ற மைக் ஜோன்ஸும் அவருடைய பழைய மாணவரே. அவருடைய மகன் ஜோ வூட்டன் வர்ஜீனியா மாநிலத்தில் பிஷப் ஓகானல் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளியில் பயிற்சியாளரானார். ஒரு விளக்கிலிருந்து பல விளக்குகள் ஏற்றப்பட்டன.

2020 ஜனவரி 21-ஆம் நாள், தம் 88-ஆம் வயதில் மார்கன் வூட்டன் இறைவனடி சேர்ந்தார்.

நமக்கு உள்ள பாடம்

ஜூபிலி ஆண்டில் நாம் நம் கோயிலைக் கட்டியவர்களை நன்றியோடு நினைவு கூர்கிறோம். கல் சுமந்தவர்களையும் காணிக்கை தந்தவர்களையும் மணி வார்த்துக் கொடுத்தவர்களையும் இம்மலரில் போற்றுகிறோம். அது முறையே. ஆனால் உயிருள்ள கற்களாகிய இளைஞர்களைக் கட்டி எழுப்பியவர்கள் யார்? ஞாயிறு மாலைகளில் கோயில் வளாகத்தில் பந்தை எடுத்து வந்தவர்கள், கிழிந்த வலையைத் தம் கைக்காசில் மாற்றியவர்கள், ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகளை வீடுவரை கொண்டு சேர்த்தவர்கள் ஒவ்வொரு பங்கிலும் உண்டு. அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இராது.

புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் விசுவாச வாழ்வைப் பந்தயத்துக்கு ஒப்பிட்டுப் பேசுகிறார். ஓடுகிறவன் தன்னை ஒடுக்கிப் பழக வேண்டும் என்கிறார். அப்பழக்கத்தை எங்கே பெறுவது? வீட்டிலும் ஆலயத்திலும் மட்டுமன்று, திடலிலும் பெறலாம்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை விளையாடப் போகும்போது, பயிற்சியாளர் யார், அவர் எந்த வரிசையில் வாழ்க்கையை வைக்கிறார் என்று கேளுங்கள். கடவுளும் குடும்பமும் படிப்பும் முன்னே நின்று விளையாட்டு நான்காவதாக நின்றால், தயங்காமல் அனுப்புங்கள். இளைஞரே, முதல் ஐவரில் உங்களுக்கு இடம் கிடைக்காவிட்டால் மனம் தளராதீர்கள். ஓரத்துப் பலகையில் இருந்தவர்களும் டிமாத்தாவிலிருந்து கல்லூரிக்குப் போனார்கள். பயிற்சி தர முன்வருவோரே, முதல் பருவத்தில் பதினாறும் தோற்றால் அதற்காகப் பணியை விட்டுவிடாதீர்கள். பதினேழாவது நாள் மாலையிலும் அப்பிள்ளைகள் உங்களுக்காகக் காத்திருப்பார்கள்.